மூலைவிட்டத்தைக் கேட்டுப் பாருங்கள்

‘பக்கங்களின் சாய்வு சமமாக இருந்தால் போதும், ஒன்று மற்றொன்றின் பெரிதாக்கிய வடிவம்தான், பத்தே நொடியில் விடை!’ என்று ஒரு காணொளி சுற்றுகிறதாம். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் இதை நம்பித் தேர்வில் எழுதலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். முக்கோணம் என்றால் பெரும்பாலும் எழுதலாம். நாற்கரம் வந்துவிட்டால் கூடாது. ஒரே ஒரு பக்கம் கூடியதும் விதி ஏன் உடைகிறது என்பதுதான் இதில் ருசியான பகுதி. காணொளி அதை விட்டுவிட்டது.

முதலில் முக்கோணத்தைப் பார்ப்போம். அ (2, 1), ஆ (5, 2), இ (3, 5) என்று ஒன்று. (3, 2), (9, 4), (5, 10) என்று இன்னொன்று. இரண்டாவது, முதலாவதைச் சீராகப் பெரிதாக்கியதா? தொலைவுச் சூத்திரத்தை எடுத்தால் √10, √13, √17 ஒரு பக்கம், √40, √52, √68 மறுபக்கம் என்று வர்க்கமூலங்களாகக் குவியும். சாய்வை எடுத்தால் முதல் முக்கோணத்தில் 1/3, –3/2, 4. இரண்டாவதிலும் அதே 1/3, –3/2, 4. கழித்தலும் வகுத்தலும் தவிர வேறு வேலையே இல்லை.

அளவு இரட்டிப்பானது சாய்வுக்கு ஏன் தெரியவில்லை? மாடிப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். படியின் உயரம் 6 அங்குலம், கால் வைக்கும் அகலம் 10 அங்குலம். பக்கத்தில் ஏறும் கைப்பிடியின் சாய்வு 6/10. இப்போது ஒரு ராட்சதனுக்காக உயரம் 12, அகலம் 20 என்று கட்டுகிறோம். நமக்கு முட்டி வலிக்கும், ஆனால் கைப்பிடி அதே சாய்வில்தான் கிடக்கும். எறும்புக்குக் கட்டினாலும் அப்படியே. மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் பெருக்கினோம், வகுக்கும்போது அந்த எண் அடிபட்டுப் போயிற்று. கைப்பிடியை மட்டும் தடவிக்கொண்டு கண்ணை மூடி நிற்கும் ஒருவரால், தாம் இருப்பது எறும்பு வீடா ராட்சத வீடா என்று சொல்லவே முடியாது. சாய்வு அளவை மறந்துவிடுகிறது. அதனால்தான் அளவு மாறியும் வடிவம் மாறவில்லை என்பதற்கு அது சாட்சி சொல்ல முடிகிறது.

முக்கோணத்துக்கு இந்தச் சாட்சி போதும். ஒரு பக்கத்தை நீங்கள் எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் வரையுங்கள். அதன் இரு முனைகளிலிருந்தும் குறித்த சாய்வில் இரண்டு கோடுகள் கிளம்பினால், அவை சந்திக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. மூன்றாவது முனை தப்பிக்க வழியில்லை.

நாற்கரத்தில் வழி உண்டு. அதே மாடிப்படிக்குத் திரும்புங்கள். 6-க்கு 10 என்ற படியின் உயரத்தை அப்படியே விட்டு, அகலத்தை மட்டும் 20 ஆக்குங்கள். கால் வைக்கும் பரப்பு முன்பும் படுக்கை, இப்போதும் படுக்கை. படியின் முகப்பு முன்பும் செங்குத்து, இப்போதும் செங்குத்து. பக்கங்களை மட்டும் பார்த்தால் எதுவுமே நடக்காதது போலத் தெரியும். ஆனால் கைப்பிடி 6/10-லிருந்து 6/20-க்குப் படுத்துவிட்டது. கைப்பிடி இங்கே யார்? படி என்ற செவ்வகத்தின் மூலைவிட்டம்! பக்கங்கள் மறைத்த மாற்றத்தை மூலைவிட்டம் காட்டிக்கொடுக்கிறது. காணொளியின் விதிப்படி சதுரமும் செவ்வகமும் ஒன்றின் பெரிதாக்கிய வடிவம் மற்றொன்று என்றாகிவிடும். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடைக்காது.

பழைய படங்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது இது தினமும் கண்ணில் படுகிறது. 4-க்கு 3 என்ற பழைய சட்டகத்தை 16-க்கு 9 என்ற திரை முழுக்க இழுத்து நிரப்புகிறார்கள். மூலைவிட்டத்தின் சாய்வு 0.75-லிருந்து 0.5625-க்கு இறங்குகிறது; உயரத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகலம் கூடிவிடுகிறது. கதவு நிலை நேராக நிற்கிறது, மேசை படுக்கையாகக் கிடக்கிறது, கதாநாயகியின் முகம் மட்டும் பூரித்துவிடுகிறது. முகத்தின் கோடுகள் எல்லாம் சாய்ந்தவை. மாற்றம் அவற்றில்தான் தெரியும். ‘படத் தரத்தை மேம்படுத்தும் செயற்கை நுண்ணறிவு’ என்று விளம்பரம் செய்யும் திரையிலும், விகிதத்தைத் தப்பாக வைத்தால் இந்தக் கோளாறு அப்படியே இருக்கும்.

ஆகவே நாற்கரம் என்றால் நான்கு பக்கங்களோடு ஒரு மூலைவிட்டத்தின் சாய்வையும் சரிபார்க்க வேண்டும். அது உருவத்தை இரண்டு முக்கோணங்களாக வெட்டுகிறது. இரண்டுக்கும் அந்த வெட்டு பொதுப்பக்கம் என்பதால் இரண்டும் ஒரே காரணியில்தான் பெரிதாக முடியும். ஐங்கரத்துக்கு இரண்டு மூலைவிட்டங்கள் போதும்.

வரலாறு வேண்டுமென்போருக்குக் கொஞ்சம்: ஜெர்மானியப் பாதிரியார் கிறிஸ்டோஃப் ஷைனர் 1603-இல் படத்தைப் பெரிதாக்கி வரையும் சட்டக் கருவியைச் செய்தார், 1631-இல் அதைப் புத்தகமாகவும் எழுதினார். ஜெராக்ஸ் கடையில் புழங்கும் ஏ வரிசைத் தாள் அளவுகள் 1922-இல் ஜெர்மனியில் தரநிலையாயின.

அந்தத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஒரு ஏ3 தாளை மேசைமேல் நெடுக்காக விரித்து, அதன் இடது கீழ் மூலையோடு பொருந்தும்படி ஒரு ஏ4 தாளையும் நெடுக்காக வையுங்கள். அந்த மூலையிலிருந்து ஏ3-இன் எதிர் மூலைக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஏ4-இன் எதிர் மூலையைத் தொட்டுக்கொண்டு போகும். 297/210, 420/297 இரண்டும் ஏறத்தாழ 1.414. ஜெராக்ஸ் இயந்திரத்தில் 141 சதவீதம் என்று அழுத்தினால் படம் பிதுங்காமல் ஏ3-ஐ நிரப்புவது இதனால்தான். ஏ4-க்குப் பதில் எட்டரைக்குப் பதினான்கு அங்குல லீகல் தாளை வைத்துப் பாருங்கள். சாய்வு ஏறத்தாழ 1.65, நூல் மூலையைத் தொடாமல் விலகிப் போகும்.

நூல் கிளம்பிய மூலைதான் பெரிதாக்கலின் மையம். நமது முக்கோணங்களிலும் அதைத் தேடலாம். ஒத்த முனைகளை இணைத்தால் 1, 1/2, 5/2 என்ற சாய்வுகளில் மூன்று கோடுகள் கிடைக்கும். மூன்றும் (1, 0) என்ற புள்ளியில் கூடுகின்றன. பெரிய முக்கோணத்தைச் சற்றே திருப்பி வைத்திருந்தால் நீள விகிதம் அப்போதும் 2 தான், வடிவொத்தவை என்பதும் உண்மைதான். ஆனால் எந்த மையத்திலிருந்து பெரிதாக்கினாலும் அந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. நீளங்களுக்கு இது தெரியாது, சாய்வுகள் உடனே மாறிக் காட்டிவிடும்.

தேர்வு எழுதும் பெண்ணுக்கு இன்னும் சில. செங்குத்துப் பக்கத்தின் சாய்வு வரையறுக்கப்படவில்லை. ஒத்த பக்கமும் செங்குத்தாக இருந்தால் சரி. இணைப்புக் கோடுகள் சந்திக்காமல் ஒன்றுக்கொன்று இணையாகவே போனால், உருவம் பெரிதாகவில்லை, நகர்ந்திருக்கிறது. ஊசித்துளைக் கேமராவில் விழும் பிம்பம்போல உருவம் தலைகீழாகியிருந்தால் பக்கங்களின் சாய்வுகள் அப்போதும் மாறாது. மையம் இரண்டு உருவங்களின் ஒத்த முனைகளுக்கு நடுவில் விழுகிறதா என்று பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.