எச்சில் கொடுத்தால்தான் அனுமதி!

குட்டீஸ்... வகுப்புக்குள் நுழைய அடையாள அட்டை கேட்பார்கள். எச்சில் கேட்டால்?

2020ல் கொரோனா பரவியபோது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், அர்பானா-ஷாம்பெயின் வளாகத்தில் அப்படித்தான் கேட்டனர்! எச்சிலில் கிருமி இருக்கிறதா என்று கண்டறியும் பரிசோதனையை, அங்குள்ள விஞ்ஞானிகளே உருவாக்கினர்.

மாணவர்கள், வாரம் இரு முறை, சிறு குழாயில் எச்சில் தர வேண்டும். கிருமி இல்லை என்றால், செல்போனில் அனுமதி வரும். அதைக் காட்டினால்தான் கட்டடத்துக்குள் நுழைய முடியும். ஒரே நாளில், 10 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பரிசோதனைகள்கூட நடந்தன.

பக்காவாகத் திட்டமிட்டவர்கள், ஒன்றை எதிர்பார்க்கவில்லை. கிருமி இருப்பது தெரிந்தும், சில மாணவர்கள் விருந்துக்குப் போய் விட்டனர்! தொற்று கிடுகிடுவென உயர்ந்தது. செப்டம்பரில், 'இரண்டு வாரம், அவசியமின்றி வெளியே வரக் கூடாது' என்று உத்தரவிட்ட பிறகே குறைந்தது.

கிருமியைப் பரிசோதனை காட்டிக் கொடுக்கும். பரவாமல் தடுப்பது நம் கையில்தான், குட்டீஸ்!