மண்டபம் கேம்ப்: பெயரில் ஒட்டிக்கொண்ட வரலாறு

ஆர்.கே.புரத்திலிருந்து இராமேசுவரம் கிளம்புகிற நம் குடும்பங்கள், உச்சிப்புளி தாண்டியதுமே பாம்பன் பாலத்தைப் பார்க்க ஜன்னலோரம் இடம் பிடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. பாலத்துக்கு முன்னால் வருகிற மண்டபம் கேம்ப் கண்ணில் படுவதேயில்லை. ஊர்ப் பெயரில் 'கேம்ப்' எப்படி வந்தது?

இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன தமிழர்களை, காலராவும் அம்மையும் பிளேக்கும் கூடவே கடல் தாண்டிவிடாதபடி நிறுத்தி வைத்த முகாம் அது. 1914-இல் பாம்பன் ரயில் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் இதுவே முக்கியமான வழி. இடம் இந்தியாவில், முகாமை நடத்தியதோ இலங்கை அரசாங்கம். அம்மை குத்தி, சில நாள் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பல்.

வியாபாரியான என்னை உறுத்துவது அந்தக் காலத்துக் கணக்கு முறை. தோட்டத்தை விட்டு விலகும் கூலியின் கடன் பாக்கியை எழுதித் தரும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். பாக்கியைத் தீர்க்கிற துரைக்கு ஆள் கைமாறும். 1921-இல்தான் இதை ஒழித்தார்கள். 1901 முதல் தகர டிக்கெட் வேறு. தோட்டத்தின் எண் பொறித்த தகட்டைக் கூலி அணிந்து போகணும். வழிச்செலவு அந்தத் தோட்டத்தின் பேரில் பற்று. நாங்கள் மூட்டைக்கு மார்க்கா போடுவோம், இங்கே மனுஷனுக்குப் போட்டிருக்காங்க!

1939-இல் இந்திய அரசு கூலி ஆட்கள் போவதைத் தடுத்தது. 1948-இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். பாட்டன் போன அதே மண்டபம் வழியாகப் பேரன் திரும்பினான். அவர்களில் பலருக்கு வேலை தரவே 1968-இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டது. மறுபடியும் தேயிலைதான்! 1983-க்குப் பின் அகதிகள் வந்தார்கள். 2022 நெருக்கடியிலும் வந்தார்கள். முகாமில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது.

ஆனாலும் பார்க்க நிறைய இருக்கு. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை இங்கேதான் தலைமையகம் வைத்திருந்தது. இப்போதும் ஒரு கிளை இருக்கிறது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. குருசடைத் தீவு அதில் ஒன்று. மண்டபத்தில் கடலோரக் காவல்படை நிலையம், உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம். அந்தத் தளத்துக்கு 'பருந்து' என்று நல்ல தமிழ்ப் பெயர். அந்தப் பக்கம் கேமராவைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள்.