கேட்காமலே விட்ட பெயர்

முல்லைத்தீவுக் கரையோர மீனவர்கள் பற்றிய ஒரு தொடருக்காகக் கடந்த வருடம் எங்கள் சிறிய குழு இரண்டு நாள் களப்பயணம் போனது. ஐந்து பேரில் நால்வர்தான் போனோம். ஐந்தாமவரை யாழ்ப்பாணத்திலேயே விட்டுப் போகலாம் என்று தீர்மானித்தவள் நான். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குவது அவரது வேலை. 2009இல் செல்லடியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கடற்கரை மணலில் நடக்கக் கஷ்டப்படுவார் என்று நானே நினைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்கவில்லை.

பரந்தனில் தேத்தண்ணி குடிக்க இறங்கியபோது எடுத்த படத்தை யாரோ குழுவின் வட்ஸ்அப்பில் போட்டார்கள். நாங்கள் புறப்பட்டது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

திரும்பி வந்தபோது அவர் சண்டை பிடிக்கவில்லை. வேலையை நேரத்துக்கு முடித்தார். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் எங்களோடு இருக்கவில்லை. "அடுத்தமுறை பாப்பம்" என்று சமாளித்தேன். அது இன்னும் பிழையாகப் போனது.

மூன்றாம் நாள் தனியாக இருந்து கதைத்தோம். என் நியாயங்களைச் சொல்லாமல் அவரைக் கதைக்க விட்டேன்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே அக்கா. செட்டிக்குளம் முகாமில நிவாரண லிஸ்ற்றில எங்கட பெயர் விடுபட்டு அம்மா அலைஞ்சது இன்னும் கண்ணுக்க நிக்குது."

நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று பட்டியல்களுக்குப் பின்னால் அலைந்தவர்கள் நாங்கள். பெயர் விடுபடுவது எங்கள் ஆட்களுக்குச் சின்ன விசயமில்லை. முகாமைத்துவப் புத்தகங்களில் இது இருக்காது.

இன்னொன்றும் சொன்னார். களத்துக்குப் போகிறவரின் பெயர்தான் கட்டுரையில் வருகிறது, பயணப்படியும் அவருக்கே. கால் அதற்குக் காரணமாகலாமா? இயலாமையைக் காட்டி வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமே சொல்கிறது. அதைப் பற்றி எழுதியிருக்கிறேன், அதன் உணர்வை என் மேசையில் கடைப்பிடிக்கவில்லை.

இப்போது பயணத்துக்கு முன்னமே இடம், நாள், வானில் எத்தனை சீற், எவ்வளவு தூரம் நடக்கவேண்டும் என்பதை எல்லோருக்கும் சொல்கிறோம். வரமுடியுமா என்பதை அவரவரே சொல்லவேண்டும். சீற் போதாவிட்டால், விடுபடுகிறவருக்குக் காரணத்தை நானே நேரில் சொல்கிறேன், புறப்படுவதற்கு முதல். எழுத்தாக்கியவரின் பெயரும் கட்டுரையில் வருகிறது. அந்த இரண்டு நாள் படியை மட்டும் என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

அடுத்தது மன்னார். "வாறீங்களா?" என்று கேட்டேன்.

"வாறன். கரைக்கு இறங்கமாட்டன், சங்கக் கட்டடத்தில இருந்து ஆக்களோட கதைக்கிறன். முன்சீற் எனக்கு."