பரிசோதனைச் சாலைக்கு யார் ஏற்றவர்?

பரீட்சை முடிவுகள் வெளியாகும் காலத்தில் நம் வீடுகளில் ஒரு சிறு மந்திராலோசனை நடைபெறுவது வழக்கம். பெண்ணை எதில் சேர்ப்பது, பிள்ளையை எதில் சேர்ப்பது என்று பேச்சு நடக்கும். டாக்டர் படிப்புக்கு மார்க்கு போதாதென்று தெரிந்ததும், "மெடிக்கல் லாபரட்டரிப் படிப்பிலாவது சேர்த்துவிடலாம்" என்று ஒருவர் யோசனை சொல்லுவார். அந்த 'ஆவது' என்னும் சொல்தான் எனக்குச் சம்மதமில்லை. டாக்டராகத் தேறாதவர்களை ஒதுக்கி வைக்கும் இடமன்று பரிசோதனைச் சாலை. அதற்கென்றே தனி யோக்கியதைகள் உண்டு.

நோயாளி டாக்டரின் முகத்தைப் பார்க்கிறார். டாக்டரோ பரிசோதனைச் சாலையிலிருந்து வந்த துண்டுக் காகிதத்தைப் பார்க்கிறார். 1901-ம் வருஷத்தில் வியன்னா நகரத்து விஞ்ஞானி கார்ல் லாண்ட்ஸ்டைனர், மனிதர்களின் ரத்தம் எல்லாம் ஒரே வகையல்ல என்று நிரூபித்தார். 'ஓ' வகை ரத்தமுடைய ஒருவருக்கு 'ஏ' வகை ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே, குழாயின்மேல் பெயரை மாற்றி எழுதுவது வெறும் எழுத்துப் பிழையாகாது.

முதலில் வேண்டியது நல்ல கண். 1884-ல் கிராம் என்னும் டென்மார்க்கு வைத்தியர் கிருமிகளுக்குச் சாயம் ஏற்றும் முறையொன்றை வெளியிட்டார். அம்முறையில் ஒரு வகைக் கிருமி ஊதாவாகவும், மற்றொரு வகை இளஞ்சிவப்பாகவும் தோன்றும். எந்த மருந்து கொடுப்பது என்பதற்கு அந்த நிறமே முதல் வழிகாட்டி. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற நம் எல்லாப்ரகட சுப்பாராவும் அவருடைய ஆசிரியர் பிஸ்கேயும் 1925-ல் வெளியிட்ட முறையிலும், ரத்தத்திலுள்ள பாஸ்பரஸின் அளவை நீல நிறத்தின் ஆழமே காட்டிக் கொடுக்கிறது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பிள்ளைகள் சிலருண்டு. அக்குறை அவர்களுக்கே தெரியாமலிருப்பதும் உண்டு. படிப்பில் சேருமுன் கண் வைத்தியரிடம் ஒரு முறை சோதித்துக் கொள்வது நலம்.

இரண்டாவது, பொறுமை. க்ஷயரோகம் என்று சந்தேகிக்கப்பட்டவரின் சளியை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர், கிருமி தென்படவில்லையென்று எழுதுவதற்கு முன் குறைந்தது 100 இடங்களையாவது பார்த்திருக்க வேண்டும். முப்பதாவது இடத்திலேயே, "இனி என்ன இருக்கப் போகிறது?" என்று எழுந்துவிடுகிற சுபாவம் இங்கே உதவாது. சிகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், சுமார் இரண்டு வருஷ முயற்சிக்குப் பிறகே, 1897 ஆகஸ்டு 20-ந் தேதி கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

மூன்றாவது, கைப் பழக்கமும் கணக்கும். ரத்தம் எடுத்த குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். முரட்டுத்தனமாகக் குலுக்கினால் சிவப்பு அணுக்கள் உடைந்து அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கலந்துவிடும். நோயாளியின் உடம்பில் இல்லாத ஆபத்து காகிதத்தில் தோன்றும். ரத்தம் உறையும் நேரத்தைச் சோதிப்பதற்கு ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் திரவம் என்பது கணக்கு. ரத்தம் குறைந்தால் விடையும் தவறும். கீழ் வகுப்பில் படித்த விகிதக் கணக்கை இங்கே தினந்தோறும் போட வேண்டியிருக்கும். இன்று யந்திரங்கள் பல வேலைகளைச் செய்கின்றன என்பது மெய்தான். ஆனால் கெட்டுப்போன ரத்தத்தைக் கொடுத்தால் யந்திரமும் ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடக்கூடும். அதை நம்பலாமா என்று யோசிப்பது மனிதர் பொறுப்பே.

இவை யாவற்றிலும் மேலானது மனச்சாட்சி. நள்ளிரவில் வேலை செய்பவரை மேற்பார்க்க ஒருவரும் இல்லை. பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை எழுதிவிட்டால் அப்போதைக்கு யாரும் கேட்கப் போவதில்லை. "இந்தக் குழாய் பயன்படாது; மறுபடியும் ரத்தம் எடுக்க வேண்டும்" என்று சொல்லி, நர்ஸின் கோபத்தையும் நோயாளியின் முணுமுணுப்பையும் ஏற்றுக்கொள்ளும் தைரியம் உள்ளவரே இத்தொழிலுக்கு உரியவர். அடுத்த வீட்டுக்காரரின் வியாதி தம் கையால் தெரியவந்தாலும், அதைத் தம் வீட்டாரிடம்கூடச் சொல்லாத அடக்கமும் வேண்டும்.

இக்குணங்கள் பிள்ளைகளிடம் இருக்கின்றனவா என்று அறிவது எப்படி? பள்ளிக்கூடத்து உப்புப் பரிசோதனையைக் கவனித்தால் போதும். பக்கத்துப் பையனிடம் உப்பின் பெயரைத் தெரிந்துகொண்டு, அதற்கேற்பச் சோதனை முடிவுகளை எழுதுகிறவர்கள் உண்டு. தாம் கண்டது புத்தகத்துக்கு மாறாக இருந்தாலும், கண்டதையே எழுதிவிட்டு, மறுபடியும் சோதித்துப் பார்க்கிறவர்களும் உண்டு. முன்னவருக்கு மார்க்கு அதிகம் கிடைத்திருக்கலாம். எனினும், என் ரத்தக் குழாயை நான் பின்னவரிடமே ஒப்படைப்பேன்.

பௌதிகம், இரசாயனம், ஜீவசாஸ்திரம் ஆகியவற்றுடன் பிளஸ் டூ தேறியவர்களுக்கு நம் மாகாணத்தில் இரண்டு வருஷ டிப்ளமோவும், பி.எஸ்ஸி. பட்டமும் இருக்கின்றன. இத்தொழிலையும் உட்படுத்தி, கல்விக்கும் பதிவுக்கும் விதி வகுக்க இந்தியப் பார்லிமெண்டு 2021-ல் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஆகவே பெற்றோர்களே, அடுத்த மந்திராலோசனையில் மார்க்குப் பட்டியலுடன், உங்கள் குழந்தையின் கண்ணையும் கையையும் மனத்தையும் சேர்த்துப் பாருங்கள். அவை மூன்றும் பொருந்தியிருந்தால், 'ஆவது' என்று சொல்லாமல் மனநிறைவோடு அனுப்பி வையுங்கள்.