படத்தைத் திருத்தும் உரிமை யாருக்கு?

பலர் கூடிச் செய்யும் தொழிலில், அத்தொழில் எந்தெந்தப் படிகளில் நடைபெறுகிறது என்பதை அனைவரும் ஒரே விதமாக அறிந்திருத்தல் இன்றியமையாதது. நெசவாளர் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். நூல் கொள்முதல், சாயமிடுதல், பாவு தயாரித்தல், தறிக்கு வழங்குதல், நெய்த துணியை அளந்து தரம் பார்த்தல், கூலி வழங்குதல் எனக் காரியம் கைமாறிக்கொண்டே செல்கின்றது. இப்படிகளைக் கட்டங்களாகவும் அம்புக்குறிகளாகவும் வரைந்து காட்டுவதே வேலைமுறைப் படம். அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921ஆம் ஆண்டில் இயந்திரப் பொறியாளர்களின் சபையில் இம்முறையை எடுத்துரைத்தனர்.

அன்று காகிதத்தில் ஒருவர் வரைந்த படத்தை இன்று கணினியில் பலர் ஒரே வேளையில் வரையலாம். லூசிட்சார்ட், மீரோ போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே உள்ளன. 2022 ஜூன் மாதத்தில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்கென மதிப்பிட்ட தொகை ரூ. 2,516 கோடி. பேரேடு கணினிக்குள் சென்றபின் வேலைமுறையும் அங்கே செல்லுதல் இயல்பே. அப்போது நம்முன் எழும் முதற் கேள்வி: பலருக்கும் பொதுவான அப்படத்தை மாற்றும் உரிமை யாருக்கு?

அங்கத்தினர் யாவரும் சமம். ஆதலின் யாவரும் திருத்தலாம் என்று சிலர் கூறுவர். கேட்பதற்கு இது கூட்டுறவு நெறியாகவே தோன்றும். ஆயினும் தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்கு இதன் குறை விளங்காமற்போகாது. கன்னடியன் கால்வாயிலும் மருதூர்க் கால்வாயிலும் ஓடும் நீர் ஆயக்கட்டுதாரர் அனைவர்க்கும் பொது. எனினும் நினைத்தவர் நினைத்த நேரத்தில் மடைப் பலகையைத் தூக்குவதில்லை. தூக்கினால் கடைமடை காய்ந்துவிடும். பொது உடைமை என்பதும், அதனை இயக்கும் பொறுப்பு என்பதும் வெவ்வேறு.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வேலைமுறைப் படம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதில் நெல்லின் ஈரப்பதம் சோதிக்கும் கட்டத்தில் 17 சதவிகிதம் என்ற வரம்பு எழுதப்பட்டிருக்கும். அவ்வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் மத்திய அரசினிடம் உள்ளது, நிலையத்தாரிடம் இல்லை. நல்லெண்ணத்தால் ஒருவர் அவ்வெண்ணைப் படத்தில் 19 என மாற்றிவிட்டால், அதனை நம்பி உழவர் நெல்லை வண்டியிலேற்றி வருவார்; வாசலில் மூட்டைகள் திருப்பப்படும். வண்டிக் கூலியும் போய், மழைக்கு அஞ்சி வெட்டவெளியில் நெல்லைக் காக்கும் நிலையும் வந்து சேரும். கணினியில் ஓர் எண்ணை அழித்தெழுத ஒரு நொடி போதும். அதன் விளைவை அனுபவிப்பவர் வேறொருவர்.

இதற்கு அஞ்சிப் படத்தை முற்றிலும் பூட்டி, சாவியைக் காரியதரிசி ஒருவரிடமே கொடுத்துவிடுதலும் தகாது. சாயமிட்ட நூல் உலர மழைக்காலத்தில் கூடுதல் நாள் பிடிக்கும் என்பதைச் சாயப் பட்டறையில் உள்ளவரே அறிவார். அவர் வாய் திறக்க வழியில்லையேல், படம் ஒன்று சொல்லும்; தொழில் வேறாக நடக்கும். தறி பாவின்றி நிற்கும் நாளில் நெசவாளர் வீட்டில் கூலியும் நிற்கும்.

பொதுக் காரியத்தில் எவருக்கு எவ்வளவு உரிமை என்னும் கேள்வி நம் சீமைக்குப் புதிதன்று. திருநெல்வேலிக்கு வடக்கே மானூர்க் கோயிலில், மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனின் 35ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 800 அளவில், பொறிக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று உள்ளது. ஊர் மகாசபையின் நடவடிக்கைகளில் பங்குகொள்ள இன்ன உடைமையும் இன்ன கல்வியும் நன்னடத்தையும் வேண்டும் என அது வரையறுக்கின்றது. அதனோடு நிற்கவில்லை. தகுதி பெற்று உள்ளே வந்தவர், வருகின்ற யோசனைகளுக்கெல்லாம் 'அன்று, அன்று' என்று சொல்லிக் காரியத்தைத் தடுத்தால், அவரும் அவருக்குத் துணைநின்றவரும் ஐந்து காசு தண்டம் இறுக்க வேண்டும் என்றும் விதித்தது. தகாதவர் கைவைத்தலும் குற்றம். தக்கவர் முட்டுக்கட்டை போடுதலும் குற்றம் என்பதை அச்சபையார் கண்டிருந்தனர்.

எனினும் அவ்விதியை அப்படியே நாம் எடுத்துக்கொள்ளலாகாது. நிலப்பங்கு இல்லாதார்க்கும் வேதக் கல்வி பெறாதார்க்கும் அந்தச் சபையில் இடமில்லை. உழுதவரும் நெய்தவரும் வெளியே நின்றனர். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் தொடங்கிய கூட்டுறவாளர்களின் வழிவந்த நாம், பங்குத் தொகை எவ்வளவாயினும் ஓர் அங்கத்தினருக்கு ஒரு வாக்கு என்று கொண்டவர்கள். ஆகவே நம் சங்கங்களில் உரிமைக்கு அளவுகோல் உடைமையன்று, பொறுப்பே.

மேற்கூறிய மென்பொருள்களில் பார்ப்பவர், குறிப்பெழுதுபவர், திருத்துபவர், உரிமையாளர் எனப் படிப்படியாக உரிமை வழங்க வழியுண்டு. அவற்றை நாம் இவ்வாறு பங்கிடலாம்.

பார்க்கும் உரிமை அங்கத்தினர் அனைவர்க்கும் உரியது. தம் கூலியும் விளைபொருளும் எவ்வழியே செல்கின்றன என்பதை மறைத்தல் கூட்டுறவாகாது. கணினி இல்லாதார்க்காகப் படத்தின் அச்சுப் பிரதியைச் சங்கச் சுவரில் தேதியிட்டு ஒட்டிவைக்க வேண்டும்.

குறிப்பெழுதும் உரிமை அப்படிகளில் உழைக்கும் ஒவ்வொருவர்க்கும் வேண்டும். எழுதிய குறிப்புக்கு நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்திற்குள் காரணத்துடன் விடை கூறுதல் முறை. விடையின்றிக் கிடத்திப் போடுவதும் ஒருவகை முட்டுக்கட்டையே.

திருத்தும் உரிமை, அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பாளரான ஓரிருவர்க்கு மட்டும் போதும். கூலி வீதம், ஈரப்பத வரம்பு போன்று சட்டமோ தீர்மானமோ விதித்த கட்டங்களைப் பூட்டியே வைத்து, தீர்மான எண்ணையும் தேதியையும் அருகிற் குறித்துப் பின்னரே திறக்க வேண்டும்.

உரிமையாளர் என்பது சங்கத்தின் பெயரிலுள்ள கணக்காக இருத்தல் நலம். தனியொருவர் கணக்கில் படம் இருப்பின், அவர் மாற்றலாகிச் செல்லும் நாளில் படமும் உடன்சென்றுவிடும். இணைப்பு முகவரி கிடைத்தவரெல்லாம் திருத்தலாம் என்ற அமைப்பை ஒருபோதும் வைத்திருக்கலாகாது. ஒரே கடவுச்சொல்லைப் பலர் பயன்படுத்துவதும் கூடாது; பயன்படுத்தினால் மாற்றியவர் இன்னார் என்பது பதிவில் தெரியாமற் போகும். பதிவு ஒழுங்காக இருந்தால், தவறான திருத்தத்தை நீக்கிப் பழைய பிரதியை மீட்டுக்கொள்ளலாம்.

ஆண்டுக்கொருமுறை கணக்குத் தணிக்கையின்போதே இவ்வுரிமைப் பட்டியலையும் வாசித்துப் பார்த்து, பொறுப்பிலிருந்து விலகினோர் பெயரை நீக்குதல் நன்று. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அரை மணி நேரக் கவனமே வேண்டும். அங்கத்தினர் அன்பர்கள் அடுத்த பொதுக்குழுவில் எழுந்து, "நம் சங்கத்தின் வேலைமுறையை மாற்றும் உரிமை இன்று யார் யாரிடம் உள்ளது?" என்று ஒரு வினா எழுப்புவார்களாக. உடனே விடை கூற முடிந்த சங்கத்தில் நூலும் நெல்லும் கூலியும் வழி தவறமாட்டா.