பை காக்கும் பாட்டிக்கும் விடுமுறைதான்!

“நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இங்கயே உட்கார்ந்து பையைப் பார்த்துக்குறேன்.”

கேளிக்கைப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போன எந்த வீட்டிலும் இந்த வசனம் ஒருமுறையாவது ஒலித்திருக்கும். சொல்பவர் பெரும்பாலும் பாட்டி. சில வீடுகளில் தாத்தா. முட்டிவலி, மூச்சுவாங்கல், வெயில் என்று காரணங்கள் இருக்கும். ஆனால், வெளியே சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. “என்னால உங்களுக்கு லேட்டாகக் கூடாது” என்பதுதான் அது.

நாமும் நல்ல மனத்தோடு, நிழலாக ஓர் இருக்கை பார்த்து, தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்துவிட்டு ஓடிவிடுகிறோம். ஆறு மணி நேரப் பயணத்தில் பாட்டி நான்கு மணி நேரம் பைகளோடு இருப்பார். வீடு திரும்பியதும் “ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றும் சொல்வார்.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதினராக இருப்பார் எனக் கணிக்கப்பட்டுள்ளது. மூன்று தலைமுறைகள் சேர்ந்து கிளம்பினால், வேகமாக நடக்க முடியாதவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். பாட்டி மட்டுமல்ல, கர்ப்பிணித் தங்கை, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் மாமா, தள்ளுவண்டியில் தூங்கும் குழந்தை, கூட்ட இரைச்சல் தாங்காத தம்பி மகன் என்று பட்டியல் நீளும். அடுத்த பள்ளி விடுமுறைக்கு எல்லாரும் கலந்துகொள்கிற ஒரு நாளை எப்படி அமைப்பது?

இருக்கையிலிருந்து தொடங்குங்கள்

வழக்கமாக நாம் பெரிய ரோலர்கோஸ்டரிலிருந்து திட்டத்தைத் தொடங்குவோம். வரிசை எவ்வளவு நீளம், எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவு என்று பார்ப்போம். மூத்தோர் அதற்கு நடுவே எங்காவது பொருத்தப்படுவார்கள்.

இதைத் தலைகீழாக்கிப் பாருங்கள். எல்லாரும் சேர்ந்து உட்காரக்கூடிய அங்கங்கள் எவை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோசில் அரங்கில் அமர்ந்து பார்க்கும் நேரடிக் காட்சிகள் உண்டு. குளிரூட்டப்பட்ட அரங்கக் காட்சிகளும் உண்டு. காலையில் ஒன்று, உச்சி வெயில் நேரத்தில் ஒன்று, மாலையில் ஒன்று என மூன்றைத் தேர்ந்தெடுத்தால் அன்றைய நாளின் தூண்கள் தயார். இடைப்பட்ட நேரத்தில் சவாரிப் பிரியர்கள் ஓடிவிட்டு வரலாம்.

அப்போதும் பாட்டியைத் தனியாக விடவேண்டியதில்லை. ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’ சவாரிக்குக் குறைந்தது 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும்; ‘பேட்டல்ஸ்டார் கலாக்டிகா’ ரோலர்கோஸ்டருக்கு 125 சென்டிமீட்டர். ஆறு வயதுப் பேத்திக்கும் அங்கு இடமில்லை, பாட்டிக்கும் இல்லை. இவர்கள் இருவரையும் ஒரு ஜோடியாக்குங்கள். அடுத்த சுற்றில் ஜோடியை மாற்றுங்கள். பதின்ம வயதுப் பேரனும் பாட்டியும் அரைமணி நேரம் ஐஸ்கிரீமோடு தனியாக உட்கார்ந்து பேசுவது வீட்டில் எத்தனை முறை நடக்கிறது?

குழந்தையோடு ஒருவர் காத்திருக்க மற்றவர் சவாரி செய்துவிட்டு வந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் இடம் மாறிக்கொள்ளும் வசதி பல பூங்காக்களில் உண்டு. தனியாக வருவோருக்கென வேகமாக நகரும் வரிசை சில சவாரிகளில் இருக்கும். இந்த இரண்டையும் நுழைவாயிலிலேயே கேட்டு வைத்துக்கொண்டால் காத்திருப்பு பெரிதும் குறையும்.

கால் நடக்கவேண்டாம், கண் நடக்கட்டும்

ரோலர்கோஸ்டர் இருந்தால்தான் உல்லாசம் என்றில்லை. மண்டாய் வனவிலங்குக் காப்பகத்தில் உள்ள இரவுநேர சஃபாரி 1994இல் திறக்கப்பட்டது. உலகின் முதல் இரவுநேர விலங்கியல் தோட்டம் அது. அங்கு டிராம் வண்டியில் அமர்ந்தபடியே அரைமணி நேரத்துக்கு மேல் காட்டைச் சுற்றிவரலாம். வெயில் தொல்லை இல்லை. பேரனும் தாத்தாவும் ஒரே வரிசையில் அமர்ந்து, இருட்டில் தெரியும் கண்களை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி போடலாம். இதில் வயதுக்கோ காலுக்கோ எந்தச் சலுகையும் தேவைப்படாது.

அதே வட்டாரத்தில் 2023இல் திறக்கப்பட்ட ‘பேர்ட் பாரடைஸ்’ பறவைப் பூங்காவில் 3,500க்கும் மேற்பட்ட பறவைகள் உள்ளன. 1971 முதல் 2023 வரை இயங்கிய ஜூரோங் பறவைப் பூங்காவின் வாரிசு இது. பழைய பூங்காவுக்கு உங்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்கள் இப்போது நீங்கள் அழைத்துச் செல்லும் அதே அப்பா, அம்மாவாக இருக்கலாம். பழைய படங்கள் வீட்டில் இருந்தால் இரண்டைக் கைப்பேசியில் எடுத்துப் போங்கள். புதிய பூங்காவில் அதே வரிசையில் நின்று அதே மாதிரி ஒரு படம் எடுங்கள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெரியவர்களுக்கு அது வேறு.

பகல் பொழுதுக்குக் கரையோரப் பூந்தோட்டங்கள் நல்ல தேர்வு. ‘ஃபிளவர் டோம்’ கண்ணாடிக் கூடத்துக்குள் வெப்பநிலை 23 முதல் 25 டிகிரிதான். ‘கிளவுட் ஃபாரஸ்ட்’ கூடத்தில் 35 மீட்டர் உயரச் செயற்கை மலையின் உச்சிக்கு மின்தூக்கியில் போய், அங்கிருந்து சுற்றுப்பாதையில் இறங்கி வரலாம். மூத்தோருக்கு ஒரு மெல்லிய சால்வை கட்டாயம். மாலை 7.45க்கும் 8.45க்கும் ‘சூப்பர்ட்ரீ’ மரங்களுக்கு அடியில் ஒளி, இசை நிகழ்ச்சி இலவசம்.

செடிகளைப் பொறுத்தவரை அறிவு யாரிடம் இருக்கிறது என்பதையும் யோசியுங்கள். கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டு நடைபாதையில் இருபது ஆண்டு வளர்த்தவர் பாட்டிதான். “இது நம்ம வீட்டுச் செடிக்குச் சொந்தமா பாட்டி?” என்று ஒரு கேள்வியைப் பேத்தி கேட்டால் போதும், அங்கேயே ஒரு வழிகாட்டிச் சுற்றுலா தொடங்கிவிடும்.

காசில்லாமல் செந்தோசா

நுழைவுச்சீட்டுக்கு மட்டுமே சில நூறு வெள்ளி செலவாகும் குடும்பங்களுக்கு ஒரு நல்ல செய்தி. செந்தோசாவில் இலவசமாகவே பாதி நாள் கழிக்கலாம். 2024இல் திறக்கப்பட்ட ‘சென்சரிஸ்கேப்’ 350 மீட்டர் நீளமுள்ள தோட்டப் பாதை. பார்த்தல், கேட்டல், முகர்தல், தொடுதல் என ஒவ்வொரு புலனுக்கும் ஒரு பகுதி. மெதுவாகப் போகிறவருக்கே அங்கு அதிகம் கிடைக்கும். வேகமாக நடப்பவர் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்; சக்கர நாற்காலியில் போகிறவர் ஒவ்வோர் இலையையும் முகர்ந்துவிட்டு வருவார்.

சிலோசோ கோட்டைக்குச் செல்லும் ஆகாய நடைபாதையும் இலவசம். 11 மாடி உயரத்தில், 181 மீட்டர் நீளத்தில், மரங்களின் தலைகளுக்கு மேலே போகிறது. மேலே செல்ல மின்தூக்கி உண்டு. கோட்டையின் பீரங்கிகள் தாத்தாவுக்குத் தம் பெற்றோர் சொன்ன ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை நினைவூட்டக்கூடும். 1982 முதல் 2005 வரை அந்தத் தீவில் ஓடிய மோனோரயிலில் போனவர்கள் வீட்டில் இருந்தால், அந்தக் கதையும் வரும்.

குடும்ப வானொலி

இனி, என் தொழிலிலிருந்து ஒரு விளையாட்டு. இதற்கு ஒரு கைப்பேசி போதும்.

அன்றைய நாளுக்கு ஒரு வானொலி நிலையம் தொடங்குங்கள். பேரப்பிள்ளைகள் பெயர் வைக்கட்டும். எங்கள் வீட்டு நிலையத்தின் பெயர் ‘முட்டிவலி எஃப்எம்’. வைத்தது என் அக்கா மகன், ஒப்புதல் தந்தது என் அம்மா. நடக்க முடியாதவர்தான் நிலையத்தின் தலைமை அறிவிப்பாளர். சவாரியிலிருந்து இறங்கி வருபவர்கள் அனைவரும் அவரிடம் பேட்டி கொடுத்துவிட்டுத்தான் அடுத்த சவாரிக்குப் போகலாம்.

பேட்டி ஒரு நிமிடம்தான். “எந்த இடத்துல கண்ணை மூடுன?” “உங்க அப்பா கத்துனாரா, இல்லையா? உண்மையச் சொல்லு!” என்று அம்மா கேட்ட கேள்விகளுக்கு என் அத்தான் தடுமாறியதை இன்றும் வீட்டில் போட்டுக் கேட்டுச் சிரிக்கிறோம். அன்று அம்மா ஒரு சவாரியிலும் ஏறவில்லை. ஆனால், எல்லாச் சவாரியிலும் என்ன நடந்தது என்பது அவருக்கு மட்டும்தான் முழுமையாகத் தெரியும்.

பிற்பகலில் முறையை மாற்றுங்கள். பிள்ளைகள் கேட்கட்டும், பெரியவர்கள் பதில் சொல்லட்டும். “தாத்தா, சின்ன வயசுல லீவுக்கு எங்க போவீங்க?” “முதன்முதல்ல கடலை எங்க பார்த்தீங்க?” ஆம், இல்லை என்று முடியாத கேள்விகளாக இருக்கட்டும். பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாமல் மூன்று விநாடி காத்திருங்கள். நல்ல பதில்கள் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். கைப்பேசியைப் பேசுபவரின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில், ஒலிபெருக்கிக்கு முதுகு காட்டிப் பிடித்தால் குரல் தெளிவாகப் பதியும்.

நம்மிடம் பெரியவர்களின் புகைப்படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவர்களின் குரல் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். என் அப்பா இறந்த பிறகு நாங்கள் தேடினோம். கிடைத்தது, “சாப்பாடு வாங்கிட்டேன்” என்று ஆறு விநாடிக்கு அவர் அனுப்பிய ஒரே ஒரு குரல் பதிவு. அதனால்தான் இந்த விளையாட்டை ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சக்கர நாற்காலி விவகாரம்

“எனக்கு என்ன ஆச்சு? நான் நடப்பேன்!”

இதுவும் நம் வீட்டு வசனம்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் நோயாளி ஆகிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வாதாடிப் பயனில்லை. நுழைவாயிலில் நாற்காலியை வாடகைக்கு எடுத்து, முதலில் பைகளை அதில் ஏற்றுங்கள். காலையில் அது சாமான் வண்டி. மதியம் மூன்று மணிக்கு, “அம்மா, பையைக் கொஞ்ச நேரம் நான் தூக்குறேன், நீங்க உட்காருங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவர் எப்போது உட்காரவேண்டும், யார் தள்ளவேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். கேட்காமல் பின்னாலிருந்து தள்ளத் தொடங்குவது யாருக்கும் பிடிக்காது.

முன்பதிவுக்கு முன் பூங்காவைத் தொலைபேசியில் அழைப்பதும் நல்லது. ஒருமுறை நாங்கள் போன இடத்தில், நீண்ட வரிசையின் முடிவில்தான் படிகள் இருப்பது தெரிந்தது. “சக்கர நாற்காலி வசதி உண்டு” என்ற பொதுவான பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல், குறிப்பாகக் கேளுங்கள்.

கேட்கவேண்டிய ஆறு கேள்விகள்

• நாற்காலியோடு அப்படியே ஏறக்கூடிய சவாரிகள் எவை? இருக்கைக்கு மாறி அமரவேண்டியவை எவை? (மாறி அமர உதவுவது பெரும்பாலும் குடும்பத்தினரின் பொறுப்பு.)

• வரிசையில் படிகள் உண்டா? மாற்றுவழி எங்கே தொடங்குகிறது?

• சக்கர நாற்காலியை முன்கூட்டியே பதிவு செய்யலாமா?

• மூத்தோர், உடற்குறையுள்ளோர், அவரோடு வரும் பராமரிப்பாளர் ஆகியோருக்குக் கட்டணச் சலுகை உண்டா?

• மருந்து, வெந்நீர், பத்திய உணவு கொண்டுவரலாமா? சைவ உணவு உள்ளே கிடைக்குமா?

• வெளியே போய் ஓய்வெடுத்துவிட்டு அதே நாளில் திரும்ப வரலாமா?

கடைசிக் கேள்வி மிக முக்கியம். காலையில் இரண்டு மணி நேரம், மதியம் ஓய்வு, மாலையில் இரண்டு மணி நேரம் என்று பிரித்தால், ஒரே மூச்சில் எட்டு மணி நேரம் சுற்றுவதைவிட எல்லாருக்கும் நல்லது, இளையர்களுக்கும்தான்.

பாலம் தாண்டினால்

ஜோகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் பூங்காவின் ‘மினிலேண்ட்’ பகுதி இத்தகைய குடும்பங்களுக்கு ஏற்றது. ஆசியாவின் புகழ்பெற்ற இடங்களை லெகோ கட்டைகளால் இருபதில் ஒரு பங்கு அளவில் கட்டியிருக்கிறார்கள். பெரியவர் ஒருவர் மெதுவாகச் சுற்றிவந்து தாம் போன ஊர்களைக் காட்டலாம். திறந்தவெளி என்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கெந்திங் மலைக்குப் போவோருக்கு வெயில் பிரச்சினை இல்லை. கேபிள் கார் பயணமே ஒரு சவாரிதான். அமர்ந்தபடி குடும்பமே சேர்ந்து போகலாம். சோதனைச் சாவடிக் காத்திருப்பையும் கழிவறை நேரத்தையும் கணக்கில் வைத்துப் புறப்படுங்கள்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். விடுமுறைத் திட்டத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பதற்கு முன், பாட்டியிடமோ தாத்தாவிடமோ நேரில் உட்கார்ந்து, “உங்களுக்கு எதைப் பார்க்கணும்?” என்று கேளுங்கள். “எனக்கென்ன, நீங்க எங்க போனாலும் சரி” என்பதுதான் முதல் பதிலாக வரும். மூன்று விநாடி காத்திருங்கள்.

பைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். பூங்காக்களில் வாடகைக்குப் பாதுகாப்புப் பெட்டிகள் இருக்கின்றன.