வரலாற்றுப் புதினத்தின் வழியாக இனவெறியையும் கொடுமைப்படுத்துதலையும் கற்பித்தல்

இனவெறி, சக மாணவர்களைக் கொடுமைப்படுத்துதல் ஆகியவற்றை மாணவர்களுக்குப் புரியவைக்கப் பள்ளிகளில் வரலாற்றுப் புதினங்கள் பயன்படுத்தப்படுகின்றன. இவ்வகையில் அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக வாசிக்கப்படும் நூல்களில் ஒன்று, மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' என்னும் புதினமாகும். 1976இல் வெளிவந்த இந்நூல், சிறுவர் இலக்கியத்திற்கான நியூபெரி பதக்கத்தை 1977இல் பெற்றது. டெய்லர் 1943இல் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். தம் தந்தை சொன்ன குடும்பக் கதைகளிலிருந்து இப்புதினத்தை உருவாக்கினார்.

வரலாற்றுப் பின்னணி

கதை 1933இல், பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், மிசிசிப்பியின் கிராமப்புறத்தில் தொடங்குகிறது. 1896இல் பிளெஸ்ஸி எதிர் பெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நடைமுறையில் பிரிவினை மட்டுமே இருந்தது, சமத்துவம் இருக்கவில்லை. பள்ளிகளில் இப்பிரிவினை சட்டத்திற்குப் புறம்பானது என 1954இல் பிரவுன் எதிர் கல்வி வாரியம் வழக்கில்தான் தீர்ப்பு வந்தது.

கதையும் வகுப்பறையும்

சொந்த நிலம் வைத்திருக்கும் கறுப்பினக் குடும்பமான லோகன் குடும்பத்தின் ஒன்பது வயதுச் சிறுமி கேசி கதையைச் சொல்கிறாள். எனவே ஏறத்தாழ அதே வயதுள்ள மாணவர்கள் அவளுடைய கண்கள் வழியாகவே அநீதியைக் காண்கின்றனர். ஆசிரியர்கள் பாடமாக்கத்தக்க காட்சிகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, பாடநூல் காட்சி. வெள்ளையர் பள்ளியில் பல ஆண்டுகள் பயன்படுத்திக் கிழிந்த நூல்கள் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்கு அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு நூலின் உள் அட்டையிலும் அதைப் பெற்ற மாணவரின் இனமும் நூலின் நிலையும் பதியப்பட்டுள்ளன. நூல் மிக மோசமான நிலையை அடைந்த பிறகே கறுப்பின மாணவருக்கு வருகிறது. இதை வாசித்த கேசியின் தம்பி நூலைத் தரையில் எறிந்து மிதிக்கிறான். அவனை யாரும் நேரடியாகத் திட்டவோ அடிக்கவோ இல்லை. ஓர் அட்டவணையே அவனை அவமதிக்கிறது. இனவெறி தனிமனிதரின் கெட்ட குணம் மட்டுமன்று, அலுவலகப் பதிவேட்டிலும் அது குடியிருக்க முடியும் என்பதை மாணவர்கள் இங்கே உணர்கின்றனர்.

இரண்டாவது, பேருந்துக் காட்சி. வெள்ளையினக் குழந்தைகளுக்குப் பேருந்து உண்டு. கேசியும் உடன்பிறந்தோரும் நடந்தே பள்ளி செல்கின்றனர். உள்ளிருக்கும் பிள்ளைகள் சிரிப்பதற்காகவே ஓட்டுநர் அவர்கள் மேல் சேற்றை வாரி அடிக்கும்படி வண்டியை ஓட்டுகிறார். கொடுமைப்படுத்துதலில் செய்பவர், பாதிக்கப்படுபவர், பார்த்துச் சிரிப்பவர் என மூன்று தரப்பினர் இருப்பதை இக்காட்சி காட்டுகிறது. குழந்தைகள் சாலையில் பள்ளம் தோண்டிப் பேருந்தைச் சிக்கவைக்கின்றனர். ஆனால் அன்றிரவு இனவெறிக் கும்பல் புறப்பட்டது எனக் கேட்டதும், தங்களைத் தேடித்தான் வருகிறதோ என அஞ்சி நடுங்குகின்றனர்.

மூன்றாவது, நடைபாதைக் காட்சி. நகரத்தில் கேசி தவறுதலாக ஒரு வெள்ளையினச் சிறுமி மீது மோதிவிட, அச்சிறுமியின் தந்தை கேசியின் கையை முறுக்கித் தள்ளுகிறார். மன்னிப்புக் கேட்கும்படி கேசியின் பாட்டியே கட்டாயப்படுத்துகிறார். பாட்டி கோழையா, பேத்தியின் உயிரைக் காத்தவரா என்னும் கேள்வி வகுப்பில் நல்ல விவாதத்திற்கு இடமளிக்கும்.

கொடுமைப்படுத்துதலும் இனவெறியும்

இரண்டும் ஒன்றல்ல. பள்ளியில் ஒரு மாணவன் கொடுமைப்படுத்தப்பட்டால் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ முறையிடலாம். கேசியின் உலகில் முறையிட இடமில்லை. சட்டமும் கடையும் பள்ளி வாரியமும் ஒரே பக்கம் நிற்கின்றன. அடிமைமுறை பற்றிய உண்மைகளைக் கற்பித்ததற்காக ஆசிரியையான கேசியின் தாய் வேலையை இழக்கிறார். இந்த வேறுபாட்டை விளக்காமல், எல்லோரிடமும் அன்பாக இருங்கள் என்று மட்டும் பாடத்தை முடித்தால் வரலாறு நழுவிவிடும்.

கவனிக்க வேண்டியவை

- புதினத்தில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொற்கள் வருகின்றன. இதனால் சில இடங்களில் நூலுக்கு எதிர்ப்பும் எழுந்தது. அச்சொற்களை ஏன் உரக்க வாசிக்கக் கூடாது என்பதை வாசிப்புக்கு முன்பே வகுப்பில் பேசிக்கொள்வது நல்லது.
- வகுப்பிலுள்ள கறுப்பின மாணவரைத் தம் இனத்தின் சார்பில் பேசுமாறு கேட்கக் கூடாது. அது அவரைத் தனிமைப்படுத்தும்.
- ஒடுக்குபவராகவோ ஒடுக்கப்படுபவராகவோ மாணவர்களை நடிக்கவைப்பது புதிய காயங்களை உண்டாக்கலாம். கேசிக்குக் கடிதம் எழுதுதல், ஒரே நிகழ்வை வேறொரு பாத்திரத்தின் பார்வையில் எழுதுதல் போன்ற பயிற்சிகள் பாதுகாப்பானவை.
- லோகன் பிள்ளைகளுடன் நட்புக்கொள்ள முயலும் ஜெரமி என்னும் வெள்ளையினச் சிறுவன், தன் வீட்டாரின் கோபத்திற்கு ஆளாகிறான். தீமையைப் பார்ப்பவர் என்ன செய்ய முடியும், அதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதைப் பேச இப்பாத்திரம் உதவும்.

புதினம் புனைவு என்பதால், அதனுடன் அக்காலப் புகைப்படங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து வாசிக்கச் செய்வது பயனுள்ளது. கேசியின் குடும்பம் கற்பனையாக இருக்கலாம்; அவள் நடந்த சாலையும் அவள் கைக்கு வந்த கிழிந்த நூலும் கற்பனையல்ல என்பதை மாணவர்கள் அப்போது அறிந்துகொள்வர்.